நஞ்சுக்கொடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: மாடு, தேவாங்கு, மனிதர்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குக் கீழே உள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். முலையூட்டிகளின் இனப்பெருக்கம் என்ற அலகுக்கு வந்தால் பாடநூல் பெரும்பாலும் மனிதரைப் பற்றியே பேசும். என் மாணவரில் பலர் லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டியிருக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய கேள்விகள் பாடநூலுக்குள் நிற்பதில்லை. அவர்களின் தாய்மார் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது கேட்பவையும் அப்படியே. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கேள்விகளையும், நான் படித்தும் பார்த்தும் அறிந்த விடைகளையும் இங்கே எழுதுகிறேன்.

நஞ்சுக்கொடி, இளங்கொடி, சூல்வித்தகம் ஆகியவை ஒன்றா, வேறா?

ஒன்றுதான். பாடநூல் சூல்வித்தகம் என்கிறது. வீட்டில் நஞ்சுக்கொடி என்றும், மாட்டுக்கு வந்தால் வெறுமனே நஞ்சு என்றும் சொல்கிறோம். இளங்கொடி என்பாரும் உண்டு. நுணுக்கமாகப் பார்த்தால், கொடி என்பது பிள்ளையின் தொப்புளையும் சூல்வித்தகத்தையும் இணைக்கும் நாணை மட்டுமே குறிக்க வேண்டும். ஆனால் பேச்சு வழக்கில் பிள்ளைக்குப் பின் வெளியே வரும் முழுவதற்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நஞ்சு என்ற சொல்லைக் கேட்டு அதில் விஷம் இருப்பதாக எண்ணும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். விஷம் எதுவும் அதில் இல்லை. பிறந்த பின் கருப்பைக்குள் தங்கி அழுகினால் தாய்க்கு ஆபத்து என்ற அனுபவமே அந்தச் சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மேல்நாட்டு மருத்துவத்தில் வழங்கும் பெயருக்கு இலத்தீனில் அப்பம், பணியாரம் என்பது போன்ற பொருள். இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்டோ கொலம்போ 1559 இல் அந்தப் பெயரைக் கொடுத்தார். மனிதருடையதைப் பார்த்தவருக்கு அது பொருத்தமாகத்தான் பட்டிருக்கும். மாட்டினுடையதைப் பார்த்திருந்தால் அப்பம் நினைவுக்கு வந்திராது.

அது தாயின் உறுப்பா, பிள்ளையின் உறுப்பா?

பெரும்பகுதி பிள்ளையுடையது. கருவுற்ற ஒரே முட்டையிலிருந்துதான் பிள்ளையும் வருகிறது, சூல்வித்தகத்தின் முக்கிய இழையங்களும் வருகின்றன. ஆகவே அதன் பரம்பரையலகுகளில் (ஜீன்களில்) பாதி தந்தையுடையவை. தாயின் பங்கு, அது வந்து பொருந்தும் கருப்பைச் சுவர். கருப்பைச் சுவரைத் தொடும் வெளிப்படைக்கு வளர்போர்வை என்று பெயர். நெதர்லாந்தின் ஹூப்ரெக்ட் முள்ளெலியின் கருவை ஆராய்ந்தபோது, 1889 இல், அந்தப் படையைத் தனியாக அடையாளம் கண்டு பெயரிட்டார்.

இதோடு சேர்த்து எப்போதும் வரும் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். தாயின் குருதி பிள்ளையின் உடலுக்குள் ஓடுவதில்லை. இரண்டு சுற்றோட்டங்களும் தனித்தனி என்பதை, சாயமிட்ட மெழுகைக் குருதிக்குழாய்களுக்குள் செலுத்தி 1754 இல் இலண்டனில் ஜோன் ஹண்டர் காட்டினார். ஒட்சிசனும் குளுக்கோசும் அமினோ அமிலங்களும் ஒரு புறமும், காபனீரொட்சைட்டும் யூரியாவும் மறுபுறமும் மெல்லிய தடுப்பைத் தாண்டிச் செல்கின்றன. அந்தத் தடுப்பு ஒவ்வொரு விலங்கிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விடயமே.

எல்லா முலையூட்டிகளிலும் வடிவம் ஒன்றுதானா?

இதயத்தை எடுத்தால், எலியின் இதயமும் எருமையின் இதயமும் பார்த்தவுடனே இதயம் என்று தெரியும். ஈரலும் அப்படியே. சூல்வித்தகம் அப்படியல்ல. செய்யும் வேலை எங்கும் ஒன்றாக இருந்தும், உருவத்தில் இவ்வளவு வேறுபடும் உறுப்பு முலையூட்டிகளில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

மனிதருடையது ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் விட்டமும் 500 கிராம் எடையும் கொண்ட ஒற்றைத் தட்டு. மக்காக்கு இனக் குரங்குகளில் பொதுவாக இரண்டு தட்டுகள் இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் குட்டியைச் சுற்றி இடுப்புப் பட்டி கட்டியது போன்ற ஒரு வளையம், யானைக்கும் வளையம்தான். பன்றியிலும் குதிரையிலும் குறிப்பிட்ட ஓர் இடம் என்று இல்லை, கருவைச் சூழும் சவ்வின் பரப்பு ஏறக்குறைய முழுவதுமே கருப்பைச் சுவரோடு பொருந்திக்கொள்ளும்.

மாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் கண்ணால் காணக்கூடியது அதுவே. எங்கள் வீட்டு மாடு கன்று போட்ட ஒரு விடியற்காலையில், விழுந்த நஞ்சை அப்பா புதைக்கப் போகுமுன் கெஞ்சி நிறுத்தி, கொட்டிலுக்குப் பின்னால் ஈரப்புல்லில் விரித்துப் பார்த்தேன். நீலச் சாயல் கொண்ட வழுவழுப்பான சவ்வு. அதன்மேல் கருஞ்சிவப்பில் சிறிதும் பெரிதுமாகப் பஞ்சுக் குமிழ்கள். சில சுண்டுவிரல் நுனி அளவு, சில உள்ளங்கையை நிறைக்கும் அளவு. விரலால் அழுத்தினால் கம்பளித் துணியின் மயிர் போல ஆயிரக்கணக்கான நுண்ணிய விரல்கள் பிரிந்து நின்றன. எண்ணிப் பார்த்தேன், 87 இருந்தன. மாட்டில் பொதுவாக 75 முதல் 120 வரை இருக்கும் என்று பின்னாளில் படித்தபோது, அந்தக் காலைப்பொழுது அப்படியே திரும்பி வந்தது. கருப்பையின் உட்புறத்தில் இவற்றுக்கு இணையான மொட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழும் தன் மொட்டைக் கையுறைக்குள் விரல் நுழைந்தது போலப் பற்றியிருக்கும். குமிழ்களுக்கு இடையிலான வழுவழுப்பான பகுதியில் அத்தகைய பிடிப்பு இல்லை. ஆடும் இப்படியே. மான்களில் குமிழ்கள் மிகக் குறைவு; ஒரு கைவிரல்களில் எண்ணி முடிக்கக்கூடிய இனங்களும் உண்டு.

உள்ளே உள்ள தடுப்பு எப்படி வேறுபடுகிறது?

தாயின் குருதியிலிருந்து பிள்ளையின் குருதிக்குச் செல்லும் ஒட்சிசன் கடக்க வேண்டிய படைகளை எண்ணிப் பார்த்தால் போதும். தாய்ப் பக்கத்தில் மூன்று: குருதிக்குழாயின் சுவர், அதைச் சூழ்ந்த தொடுப்பிழையம், கருப்பையின் உட்தோல். பிள்ளைப் பக்கத்தில் மூன்று: வளர்போர்வை, தொடுப்பிழையம், குருதிக்குழாயின் சுவர். பன்றி, குதிரை, திமிங்கிலம் ஆகியவற்றில் ஆறு படைகளும் அப்படியே இருக்கின்றன. மாட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆயினும் வளர்போர்வையில் இரண்டு உட்கருக்கள் கொண்ட கலங்கள் (செல்கள்) சில தோன்றி, தாயின் உட்தோல் கலங்களோடு இணைந்து, தாம் ஆக்கும் ஓமோன்களை அங்கே சேர்க்கின்றன. நாய், பூனை, யானை போன்றவற்றில் பிள்ளையின் கலங்கள் கருப்பையின் உட்தோலையும் தொடுப்பிழையத்தையும் அரித்துக்கொண்டு தாயின் குருதிக்குழாய்ச் சுவர்வரை வந்து நின்றுவிடுகின்றன. மனிதர், குரங்கு, எலி, முயல் ஆகியவற்றில் அந்தச் சுவரும் இல்லை. பிள்ளையின் வளர்போர்வை தாயின் குருதியில் நேரடியாக நனைந்துகொண்டிருக்கும்.

வியன்னாவிலும் பிராகாவிலும் பணியாற்றிய ஒட்டோ குரோசர் 1909 இல் வகுத்த இந்தப் பாகுபாடு இன்றும் வகுப்பறையில் நிற்கிறது. நல்ல பாகுபாடுதான். ஆனால் அதைக் கற்பிக்கும்போது அடுத்த கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது.

அப்படியானால் மனிதருடையது முன்னேறியது, மாட்டினுடையது பின்தங்கியதுதானே?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தை நீக்குவதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம்.

ஆறு படை உள்ளது பழையது, படை குறையக் குறைய முன்னேற்றம், உச்சியில் மனிதர் என்றுதான் 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பலர் எண்ணினர். ஏணி போன்ற ஓர் ஒழுங்கு மனத்துக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏணி நிற்பதில்லை. மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள், மனிதரின் கர்ப்பகாலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த நாள்களில் மனிதத் தாய் 3 கிலோகிராம் அளவிலான பிள்ளையைப் பெறுகிறாள். பிரீசியன் மாடு 40 கிலோகிராம் அளவிலான கன்றைப் போடுகிறது, அது சில மணித்தியாலத்துக்குள் எழுந்து நடக்கிறது. திருகோணமலைக் கடலில் தலைகாட்டும் நீலத் திமிங்கிலம் உலகிலேயே மிகப் பெரிய பிள்ளையைப் பெறும் விலங்கு. பிறக்கும்போதே ஏறத்தாழ 7 மீற்றர் நீளமும் இரண்டு தொன்னுக்கு மேல் எடையும் கொண்ட அந்தக் குட்டி, பதினொரு மாதமளவில், ஆறு படைகளின் ஊடாகவே முழுப் போசணையையும் பெற்று வளர்கிறது. படைகளின் எண்ணிக்கை அதிகமாக இருந்தாலும், அவை மெலிந்து, மடிப்பு மடிப்பாகப் பரப்பைக் கூட்டி, குருதிக்குழாய்களை மிக நெருங்கி வரச் செய்துவிடுகின்றன. எத்தனை சுவர் என்பதைவிட எவ்வளவு பரப்பு, எவ்வளவு மெலிவு, இரு குருதியோட்டங்களும் எந்தத் திசையில் செல்கின்றன என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. பரம்பரையலகுகளை ஒப்பிட்டு முலையூட்டிகளின் உறவு மரம் திருத்தி வரையப்பட்ட பிறகு, 2005 ஐ ஒட்டிய ஆண்டுகளில், பல ஆய்வுக் குழுக்கள் சூல்வித்தகத்தின் வகைகளை அந்த மரத்தில் பொருத்திப் பார்த்தன. மூதாதை முலையூட்டியினுடையது தாயின் குருதிவரை ஊடுருவியதா, குருதிக்குழாய்ச் சுவரோடு நின்றதா என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் ஆறு படைகள் கொண்ட வடிவம் மூதாதையினுடையது அல்ல என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர். அது பின்னர் தோன்றியது. அதுவும் குளம்புள்ள விலங்குகளின் கிளையில் ஒரு தடவை, தேவாங்கும் லெமூரும் உள்ள கிளையில் தனியாக ஒரு தடவை எனக் குறைந்தது இரண்டு தடவை தோன்றியது. கூர்ப்பின் (பரிணாமத்தின்) நோக்கில் பார்த்தால், மாட்டின் அமைப்புத்தான் புதியது.

தேவாங்கும் குரங்கும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டா?

உண்டு, அதுவும் வியப்பூட்டும் அளவுக்கு. நம் மலைக்காடுகளில் ஒரே மரத்தில் பகலில் கருமந்தி இலை தின்னும், இரவில் தேவாங்கு பூச்சி தேடும். இரண்டும் முதனிகள்தான், அதாவது குரங்குகளும் மனிதரும் அடங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும் தேவாங்கின் சூல்வித்தகம் குதிரையினுடையதைப் போலச் சவ்வு முழுவதும் பரந்து, ஆறு படைகளோடு, கருப்பையை அரிக்காமல் பொருந்தியிருக்கும். பிரசவத்தில் தாயின் இழையம் பெரிதாகக் கிழிவதில்லை. மந்தியினுடையது நம்முடையதைப் போலத் தாயின் குருதியில் நனைந்திருக்கும். தேவாங்கைக் கண்டால் தீக்குறி என்று விரட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹோட்டன் சமவெளிப் பக்கத்தில் மட்டும் வாழும் தேவாங்கு உலகிலேயே மிக அரிய முதனிகளில் ஒன்று என்பதை மாணவரிடம் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை.

கன்றுக்கு உடனே சீம்பால் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இதற்கும் சூல்வித்தகத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. நோய்களை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் பெரிய புரதங்கள். தாமாகத் தடுப்பைக் கடக்க மாட்டா. மனிதரின் வளர்போர்வையில் அவற்றைப் பிடித்து மறுபக்கம் சேர்க்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அதனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் பிறபொருளெதிரிகள் பிள்ளைக்குத் தொடர்ந்து செல்கின்றன. பிறக்கும்போது பிள்ளையின் குருதியில் அவற்றின் அளவு தாயினுடையதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி போடுவதன் காரணம் இதுதான். ஊசி தாயின் கையில். காவல் பிள்ளையின் உடலில்.

மாட்டில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. பன்றியிலும் குதிரையிலும் ஆட்டிலும் அப்படியே. கன்று பிறக்கும்போது அதன் குருதியில் தாயின் பிறபொருளெதிரிகள் கிட்டத்தட்ட இல்லை. அவை அனைத்தும் சீம்பாலில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. கன்றின் குடல் பிறந்த முதல் சில மணித்தியாலங்களுக்கு அந்தப் பெரிய புரதங்களைச் சிதைக்காமல் அப்படியே குருதிக்குள் விடும். பின்னர் மணிக்கு மணி அந்த வாயில் ஒடுங்கி, ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் மூடிவிடும். ஆகவே முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள், தப்பினால் ஆறு மணித்தியாலத்துக்குள், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பால் உள்ளே போக வேண்டும். 35 கிலோகிராம் கன்றுக்கு இது மூன்றரை லீற்றர். நஞ்சு விழும்வரை மடியைத் தொடக்கூடாது என்று சிலர் காத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் காத்திருப்பு கன்றின் உயிரோடு விளையாடுவது. நுவரெலியாவின் குளிரில், மழை சாரலடிக்கும் கொட்டிலில், வயிற்றோட்டம் வந்து இறக்கும் கன்றுகளில் பலவற்றுக்கு முதல் நாளில் வயிறு நிறையச் சீம்பால் கிடைத்திருக்காது.

நாயும் பூனையும் இடையில் நிற்கின்றன: பிறக்குமுன் சிறிதளவு செல்லும், மீதி சீம்பாலில்.

இதே வேறுபாடு நோயையும் இடம் மாற்றுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் றீசஸ் குருதி வகை ஒவ்வாதபோது, மனிதரில் தாயின் பிறபொருளெதிரி சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளையைக் கருப்பைக்குள்ளேயே தாக்கும். குதிரையில் இதையொத்த ஒவ்வாமை இருந்தாலும் குட்டி நலமாகவே பிறக்கிறது. சீம்பால் குடித்த பிறகுதான் மஞ்சட்காமாலை வருகிறது. அத்தகைய குட்டிக்கு மட்டும் தாயின் சீம்பாலைத் தவிர்த்து வேறு குதிரையினுடையதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாடு நஞ்சு போடவில்லை. இழுத்து எடுக்கலாமா?

இழுக்க வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் மாடு இரட்டைக் கன்று போட்டு, மறுநாள் காலைவரை நஞ்சு தொங்கிக்கொண்டே இருந்தது. அப்பா, தமக்குப் பெரியவர்கள் சொல்லித் தந்தபடி, அதன் நுனியில் ஒரு கல்லைச் சாக்குக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். மதியத்தில் பாரம் தாங்காமல் ஒரு துண்டு அறுந்து விழுந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் மாடு தீனி எடுக்கவில்லை, காது சூடேறிக் கிடந்தது, கொட்டில் முழுவதும் நாற்றம். மிருக வைத்தியர் வந்து மருந்து கொடுத்து மாட்டைக் காப்பாற்றினார். அப்பாவைக் கடிந்துகொள்ளாமல், தம் இரு கை விரல்களையும் கோத்துக் காட்டி, "உள்ளே இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது ஐயா. பிடி தளர்ந்தால் தானாக வரும். தளருமுன் இழுத்தால் விரல்தான் ஒடியும்" என்றார். உயிரியலில் எனக்குக் கிடைத்த முதற்பாடம் அதுதான்.

பிடி தளர்வது வெறும் பொறிமுறை அல்ல. ஈற்றுக்காலம் நெருங்கும்போது ஓமோன்கள் மாறி, தாயின் நிர்ப்பீடனக் (நோயெதிர்ப்புக்) கலங்கள் குமிழ்களைப் பிறபொருளாக இனங்கண்டு, இணைக்கும் புரத நார்களைக் கரைக்கும் நொதியங்கள் சுரக்க வேண்டும். இரட்டைக் கன்று, நாள் முந்திய ஈற்று, கருச்சிதைவு, கஷ்டமான பிரசவம், கல்சியக் குறைவு, விற்றமின் ஈ, செலனியம் ஆகியவற்றின் பற்றாக்குறை என்பவை இந்த ஒழுங்கைக் குலைக்கின்றன. வழக்கமாக நஞ்சு எட்டு மணித்தியாலத்துக்குள் விழும். பன்னிரண்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், ஒரு நாளைத் தாண்டினால் தங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். காய்ச்சல், தீனி எடுக்காமை, கடும் நாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் அன்றே மிருக வைத்தியரை அழையுங்கள். தொங்கும் பகுதி நிலத்தில் இழுபட்டால், அதை மட்டும் வெட்டிவிடலாம்.

மாட்டுக்குச் சொன்னதைக் குதிரைக்குப் பொருத்திவிடக்கூடாது. நுவரெலியா வாவிக்கரையில் குதிரை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: குதிரையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நஞ்சு தங்கினாலே அவசரநிலை. குருதியில் நச்சேறி, குளம்பு அழற்சிவரை போய்விடும்.

நாய் குட்டி போடும்போது பச்சை நிறத்தில் ஏதோ வருகிறது. பயப்பட வேண்டுமா?

நாயின் வளைய வடிவச் சூல்வித்தகத்தின் இரு ஓரங்களிலும் தாயின் குருதி தேங்கும் ஒரு பகுதி உண்டு. பிள்ளையின் கலங்கள் அந்தக் குருதியை விழுங்கி, அதிலுள்ள இரும்பை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சும் நிறப்பொருள் பச்சை. பூனையில் அதே இடம் கபிலமாக இருக்கும். ஆகவே குட்டிகளோடு வரும் பச்சை இயல்பானது. முதற்குட்டி வருமுன்பே பச்சைத் திரவம் வந்து, குட்டி வராமல் நேரம் போகுமானால், சூல்வித்தகம் முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று பொருள், தாமதிக்கக் கூடாது.

ஒரு வைரசு இல்லாவிட்டால் நாம் பிறந்திருக்க மாட்டோம் என்று படித்தேன். உண்மையா?

சற்றுத் திருத்திச் சொன்னால் உண்மை. மனிதரின் வளர்போர்வையில், தாயின் குருதியைத் தொடும் மேற்படை தனித்தனிக் கலங்களால் ஆனது அல்ல; எண்ணற்ற கலங்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்து, இடைவெளியே இல்லாத ஒரே விரிப்பாகியிருக்கிறது. கலங்களை இப்படி இணைக்கும் புரதத்துக்கு சின்சிற்றின் என்று பெயர். 2000 ஆம் ஆண்டில் அதன் பரம்பரையலகு கண்டறியப்பட்டபோது, அது ஒரு பழைய ரெட்ரோ வைரசின் (தொற்றிய கலத்தின் நிறமூர்த்தத்தில் தன்னையே சேர்த்துவிடும் வகை வைரசு) உறைப் புரதத்துக்குரியது என்று தெரியவந்தது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை முதனி ஒன்றின் இனப்பெருக்கக் கலத்தைத் தொற்றிய வைரசு, வழிவழியாக நிறமூர்த்தத்திலேயே தங்கிவிட்டது. தான் கலத்துக்குள் புகுவதற்கு வைரசு வைத்திருந்த கருவியை, நம் உடல் கலங்களை இணைக்கப் பயன்படுத்திக்கொள்கிறது.

வியப்பு அதோடு முடியவில்லை. எலிக்கும் இத்தகைய புரதங்கள் இரண்டு உண்டு. ஆனால் அவை வேறு வைரசுகளிலிருந்து வந்தவை. முயலுக்கு வேறு, நாய் பூனைக் கூட்டத்துக்கு வேறு, மாடு ஆட்டுக் கூட்டத்துக்கு வேறு. எலியில் ஒன்றை நீக்கிப் பார்த்தபோது குட்டிகள் கருவிலேயே இறந்தன. பிரான்சின் தியரி ஹைட்மான் குழுவினர் இவற்றில் பலவற்றைக் கண்டறிந்தனர். குட்டி ஈனும் தென்னமெரிக்க அரணை இனம் ஒன்றிலும் அப்படியொன்றை 2017 இல் வெளியிட்டனர். ஒரே வேலைக்கு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு வைரசுகளிடமிருந்து கடன் வாங்கப்பட்டிருக்கிறது. சூல்வித்தகம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

தாயும் பிள்ளையும் ஒன்றுதானே. பிறகு ஏன் பிள்ளையின் கலங்கள் தாயை அரிக்க வேண்டும்?

ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், வயிற்றுப் பிள்ளை அம்மாவோடு சண்டையா பிடிக்கும்?" சண்டை என்ற சொல் கடுமையானது, இழுபறி என்றால் பொருந்தும். தாய்க்கு இந்தப் பிள்ளையும் வேண்டும், அடுத்த பிள்ளைகளும் வேண்டும், அதற்குத் தன் உடலும் நிலைக்க வேண்டும். பிள்ளைக்கு இப்போதே இயன்றவரை அதிகம் கிடைப்பது நன்மை. பரம்பரையலகுகளில் பாதி தந்தையுடையவை என்பதால் இரண்டு நலன்களும் முற்றாக ஒன்றாவதில்லை. உயிரியலாளர் டேவிட் ஹேக் 1993 இல் இந்த நோக்கை மனிதரின் கர்ப்பத்துக்குப் பொருத்தி விரிவாக எழுதினார். தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டும் இயங்கி, சூல்வித்தகத்தையும் கருவையும் வளரத் தூண்டும் பரம்பரையலகுகள் இருப்பது இதற்கு ஒரு சான்று.

மனிதரில் இந்த ஊடுருவல் மிக ஆழமானது. வளர்போர்வைக் கலங்கள் கருப்பைத் தசையின் உட்பகுதிவரை சென்று, அங்குள்ள சுருள் நாடிகளின் தசைச் சுவரை அகற்றி, அவற்றை அகன்ற, சுருங்க இயலாத குழாய்களாக்கிவிடுகின்றன. அதன்பின் அந்தக் குருதியோட்டத்தைத் தாயின் உடலால் எளிதில் குறைக்க முடியாது. இந்த வேலை அரைகுறையாக நடந்தால், சூல்வித்தகம் போதிய குருதி கிடைக்காமல் தவித்து, தாயின் குருதிக்குழாய்களைப் பாதிக்கும் புரதங்களை வெளிவிடுகிறது. அமுக்கம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. முன்சூல்வலிப்பு எனப்படும் இந்த நோய் மனிதக்குரங்குகளில் அரிதாகப் பதிவாகியிருக்கிறது. மற்றபடி ஏறக்குறைய மனிதருக்கே உரியது. மாட்டுக்கு இது வருவதில்லை. தோட்டத்து கிளினிக்கில் மருத்துவ மாது ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்ப்பதும் சிறுநீர் சோதிப்பதும் இதற்காகத்தான். கொழுந்து எடுக்கும் நாள் போய்விடும் என்று அந்தத் தவணையைத் தவறவிடும் தாய்மாரை நான் அறிவேன். தலையிடி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் தோட்டத்தில் பெயர் போடும் வேலைநாளையும் பார்க்காமல், அடுத்த தவணையையும் பார்க்காமல் போய்விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கங்காருவுக்குச் சூல்வித்தகம் இல்லை என்று படித்தோமே?

அது பிழை. கங்காருவில் கருவுணவுப்பையின் சுவர் கருப்பையோடு பொருந்தி, குறுகிய காலத்துக்குச் சூல்வித்தகமாகப் பணிபுரிகிறது. செங்கங்காருவின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 33 நாள். பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இல்லை. மீதி வளர்ச்சி பையில், பாலின் பொறுப்பில். முட்டையிடும் பிளாற்றிப்பசும் எக்கிட்னாவும்தான் முலையூட்டிகளில் சூல்வித்தகம் அற்றவை.

முலையூட்டி அல்லாதவற்றில் உண்டா?

உண்டு. சில சுறாக்களில் கருவுணவுப்பை தாயோடு இணைந்து சூல்வித்தகமாகிறது. அரிஸ்ரோட்டில் இதை எழுதி வைத்தார், ஏறக்குறைய 2200 ஆண்டுகளின் பின் 1842 இல் ஜொகான்னஸ் முல்லர் அது சரியென்று நிறுவினார். சில அரணைகளிலும் சிறு மீன்களிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. சூல்வித்தகத்துக்கு முந்திய படி, முட்டையை உள்ளேயே வைத்துக் குட்டியாக ஈனுவது. அதற்கு நம் மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: ஹோட்டன் சமவெளி, ஹக்கல போன்ற குளிர்ந்த இடங்களில், பாசி படிந்த கிளைகளில் மெதுவாக ஊரும் கொஃபோட்டிஸ் என்ற சிறு ஓணான் குட்டி ஈனுகிறது. குளிர்ந்த மண்ணில் முட்டையை விடுவதைவிட, வெயில் காயும் தன் உடலுக்குள் வைத்திருப்பது நல்லது என்பதே குளிர்ப் பிரதேசங்களில் இந்தப் பழக்கம் தோன்றியதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம்.

மாடு தன் நஞ்சைத் தின்பது கெட்டதா?

பெரும்பாலான தரை முலையூட்டிகள் அதைச் செய்கின்றன. ஆனால் மாட்டின் தொண்டையில் சவ்வு சிக்கி மூச்சு முட்டுவது உண்டு. கிட்ட நின்று அகற்றிவிடுவதே நல்லது.

எங்கள் வீட்டு மாட்டின் நஞ்சை நானே பார்க்க விரும்புகிறேன். எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நான் அன்று செய்ததைப் போல வெறுங்கையால் தொடாதீர்கள். புரூசெல்லா என்ற பற்றீரியா மாட்டின் சூல்வித்தகத்தில் விரும்பிப் பெருகும். அங்கே அதிகமாக உள்ள எரித்திரிற்றோல் என்ற சர்க்கரைச் சேர்வை அதற்குத் தீனி. மனிதருக்குத் தொற்றினால் வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். நாள் முந்திக் கன்று வீசிய மாட்டின் நஞ்சைப் பார்க்கவே வேண்டாம். மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். கர்ப்பிணிகளும் கையில் வெட்டுக்காயம் உள்ளவர்களும் தள்ளி நிற்கட்டும்.

நாள் நிறைந்த ஈற்றானால், முழங்கைவரை கையுறை அணிந்து, பழைய பிளாஸ்ரிக் தாளில் நஞ்சை விரியுங்கள். முதலில் தொப்புள் நாணின் அறுந்த முனையைத் தேடி, அதில் தெரியும் குழாய்களைப் பாருங்கள். அங்கிருந்து கிளைகள் ஒவ்வொரு குமிழுக்கும் போவதைக் கண்ணால் தொடரலாம். குமிழ்களை எண்ணுங்கள். கொம்பு போல் நீண்ட இரு பக்கங்களில் எந்தப் பக்கத்தில் அவை பெரியவை என்று பாருங்கள். கன்று அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு குமிழை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால், ஒட்டிக் கிடந்த நுண்விரல்கள் மிதந்து விரியும். கைவில்லை இருந்தால் அவற்றின் கிளைகளும் தெரியும். பார்த்து முடித்ததும் அந்த வாளித் தண்ணீரை தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் ஊற்றாமல் குழிக்குள்ளேயே ஊற்றுங்கள். குழி நாய் தோண்ட முடியாத ஆழத்தில், மேலே சுண்ணாம்பு தூவி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு எட்டத்தில் இருக்க வேண்டும். எண்ணிய கணக்கைக் கொப்பியில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.